கிணற்று நீச்சல்காரருடன் ஹேவ்லாக்கில் ஸ்கூபா

போன பிப்ரவரியில் அந்தமான் போய்வந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நான்கு படம் போட்டேன். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நீச்சலே தெரியாம எப்படிங்க கடலுக்கடியில போனீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். போக நினைக்கிறவர்கள் விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். போக நினைக்காதவர்கள் என் வீட்டுக்காரர் பட்ட பாட்டைப் படித்துச் சிரித்துவிட்டுப் போங்கள். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கோவை வடவள்ளியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருகிறேன். வயது நாற்பத்தைந்து. வீட்டுக்காரர் செந்தில் பம்புசெட் உதிரி பாகங்கள் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு லீவுக்கும் அங்கே போகிறோம். அவரும் அண்ணன் தம்பிகளும் எங்கள் பையனும் அறுபது அடிக் கிணற்றில் தொபீர் தொபீரென்று குதிப்பார்கள். நானும் ஓரகத்திகளும் மேலே துண்டோடு நிற்போம். யாராவது முங்கினால் அவர் தலை வெளியே தெரிகிறவரை நான் தண்ணீரில் வரும் குமிழிகளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கல்யாணமான புதிதில் "எனக்கும் நீச்சல் சொல்லிக் குடுங்க" என்று கேட்டேன். "உனக்கெதுக்கு அம்மணி, சளி புடிச்சுக்கும்" என்றார். அத்தோடு சரி.

ஆனால் தண்ணீருக்கடியில் என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. நீச்சல் தெரியாதவர்களையும் ஸ்கூபா அழைத்துப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார் என்று படித்தேன். கல்யாண நாளுக்கு அவர் வழக்கம்போல ஊட்டி என்றார். நான் டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன்.

கோவையிலிருந்து இரவு ரயிலில் சென்னை, அங்கிருந்து காலை விமானத்தில் போர்ட் பிளேர். இப்போது அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டிக்கெட் போடும்போது குழம்ப வேண்டாம். பறக்கும் நேரம் இரண்டே கால் மணி. விமானத்தில் ஜன்னலோர இருக்கைக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இறங்குவதற்குமுன் பச்சைத் தீவுகள் வரிசையாகத் தெரிவதைப் பார்க்க அந்தக் காசு கொடுக்கலாம்.

விமான நிலையத்திலிருந்து படகுத்துறைக்குக் கூட்டிப் போன டாக்சிக்காரர் தமிழர், தாத்தா காலத்தில் சிவகங்கையிலிருந்து வந்த குடும்பமாம். "ஸ்கூபாவா? சாருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார் பாவம். படகுத்துறை வருகிறவரை செந்தில் விடவில்லை.

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நானெல்லாம் கிணத்துல முங்கி ஃபுட்வால்வுல மாட்டியிருக்கற பாசிய எடுத்துட்டு வந்தவனுங்க. தம் கட்டுனா ஒண்ணரை நிமிசம் அசால்ட்டா இருப்பனுங்க. எங்க ஊடு மட்டும் இல்லீங்க, சுத்துவட்டாரத்துல யாரு மோட்டார் தண்ணி எடுக்கலீன்னாலும் என்னையத்தான் கூப்புடுவாங்க."

விஷயம் தெரியாதவர்களுக்கு: கிணற்று மோட்டாரின் குழாய் நுனியில், தண்ணீருக்கு அடியில் இருப்பது ஃபுட்வால்வு. அது அடைத்துக்கொண்டால் யாராவது மூச்சை அடக்கி முங்கித்தான் எடுத்துவிட வேண்டும். அதில் அவர் கில்லாடி, மறுக்க மாட்டேன். டாக்சிக்காரர் என்னைப் பார்த்து, "அப்ப அக்காவையும் சாரே பாத்துக்குவாரு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

தனியார் படகில் ஹேவ்லாக் தீவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஆதார் அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள், நாலு இடத்தில் கேட்பார்கள். வாந்தி வருகிறவர்கள் நடு வரிசையில் உட்காருங்கள்.

ரிசார்ட் படகுத்துறையிலிருந்து ஐந்து கிலோமீட்டர், அவர்களே வண்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு இரவுக்குப் பதினாறாயிரம், காலை உணவு சேர்த்து. தென்னந்தோப்புக்குள் தனித்தனி வீடுகள், வாசலிலிருந்து கடல் நூறு அடிதான். குளியலறைக்குக் கூரை கிடையாது. வானத்தைப் பார்த்துக்கொண்டே குளிக்கலாம் என்று அறையைக் காட்டிய ரிசார்ட் பையன் பெருமையாகச் சொன்னான். செந்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பதினாறாயிரம் வாங்கறவங்க ஒரு சிமெண்ட் சீட்டுப் போட மாட்டாங்களா?" என்றார். காலை உணவில் இட்லி உண்டு, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. மற்றபடி மீன் குழம்பு அருமை, படுக்கை அருமை, அந்தக் கடல் நிறத்துக்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆடம்பரம் வேண்டாதவர்கள் இதே தீவில் மூவாயிரத்துக்கும் நல்ல அறை எடுக்கலாம். நான் எடுத்திருக்க மாட்டேன், இதற்கென்றுதான் மாதச் சீட்டுக் கட்டிப் பணம் எடுத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரிசார்ட்டின் டைவிங் சென்டரில் பயிற்சி. முதலில் உடல்நலம் பற்றிய கேள்விகள். ஆஸ்துமா, காது, இதயம், பிரஷர் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். ஊரிலேயே டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிப் போனால் அங்கே அலைய வேண்டியதில்லை. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் நிஷா, முப்பது வயதுக்குள் இருக்கும், போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். குரலை உயர்த்தாமல் பேசுவாள், ஆனால் சொன்னதை மாற்ற மாட்டாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"ஸ்கூபாவுல ஒரே ஒரு சட்டம்தான்," என்றாள். "மூச்சை அடக்கவே கூடாது. வாயால இழுங்க, வாயால விடுங்க. நிறுத்தாம. தண்ணிக்கடியில நெஞ்சு நிறைய காத்தை அடைச்சுக்கிட்டு மேல வந்தீங்கன்னா, வர வர அந்தக் காத்து விரியும். நுரையீரல் கிழிஞ்சிடும்."

செந்தில் நன்றாகத் தலையாட்டினார். பிரஷர் என்றால் அவருக்குத் தெரியாததா? வாயில் வைத்துக்கொள்ளும் அந்த ரெகுலேட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டயாஃப்ரம் வால்வு தானுங்களே அம்மணி? நல்ல ஐட்டமுங்க" என்று நிஷாவிடம் சான்றிதழும் கொடுத்தார். மீசை இருந்தால் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசியும் என்று மேலுதட்டுக்கு வாசலின் பூசிவிட்டார்கள். அதற்கும் பொறுமையாக முகத்தைக் காட்டினார்.

நெஞ்சளவுத் தண்ணீரில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். முதல் அரை நிமிடம் எனக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. பிறகு நிஷா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழு, விடு என்று காட்டினாள். இழுத்தேன், விட்டேன். குமிழிகள் காதோரம் கடகடவென்று ஓடின. அட, வருகிறதே என்று தோன்றியது. சந்தோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என்னிடமிருந்து குமிழி வருகிறது, நிஷாவிடமிருந்து வருகிறது, பக்கத்தில் இருக்கிற என் வீட்டுக்காரரிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை. கன்னம் உப்பியிருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நிஷா அவர் தோளைத் தட்டியதும் மணலை ஓங்கி ஒரு உதை உதைத்து, விர்ரென்று மேலே போய்விட்டார்.

நாங்களும் எழுந்தோம். அவர் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, "எப்புடிங்க?" என்றார். பாராட்டு எதிர்பார்க்கிறார்.

"சார், இவ்வளவு நேரம் நீங்க மூச்சே விடல," என்றாள் நிஷா.

"ஆமாங்க! இன்னமும் இருப்பனுங்க. நீங்க தட்டுனதால வந்தேன்."

மூன்று தடவை திரும்பச் செய்யச் சொன்னாள். மேலே நிற்கும்போது எல்லாம் புரிகிறது அவருக்கு. தலை தண்ணீருக்குள் போனதும் உடம்பு தானாகத் தம் கட்டிக்கொள்கிறது, வெளியே வர வேண்டுமென்றால் கால் தானாக அடியை உதைக்கிறது. கிணற்றில் அவர் உயிரைக் காப்பாற்றிய இரண்டு பழக்கமும் இங்கே உயிரை எடுக்கிற பழக்கங்கள். மதியம் நிஷா முடிவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க நாளைக்குக் காலைல ஆறரைக்குப் படகுக்கு வந்துருங்க. சாரை நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். மன்னிச்சுக்கங்க சார்."

அன்று சாயங்காலம் அவர் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ரோசக்காரர். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சொன்னார்:

"ஏனம்மணி, நீயும் வேண்டாம்னு சொல்லிப்போடு. அடியில கண்ணாடி வெச்ச படகு இருக்குதாமா. ரெண்டு பேரும் அதுலயே போயி மேல இருந்து பாத்துட்டு வந்தர்லாம்."

"சரிங்க" என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு எந்தக் கடை, சேலைக்கு எந்த நிறம் என்பதிலெல்லாம் சண்டை போடுவோம். ஆனால் அவருக்கு இல்லாத ஒன்று நமக்கு மட்டும் கிடைக்கிறது என்றால் கை தானாகப் பின்னால் போய்விடும். மேலே இருந்து பார்ப்பது என்றால் இருபத்திரண்டு வருடமாக நான் பார்க்காததா? எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"நான் போறனுங்க," என்றேன்.

இரவு சாப்பாட்டில் அவரிடமிருந்து பேச்சில்லை. பேசாமல் இருக்கவே தெரியாத மனிதர் அவர். அதனால் நான் நன்றாகத் தூங்கவில்லை. ஆனாலும் காலையில் நான் கிளம்பியபோது, "படகுல உக்காந்திருக்கறதுக்குத் தடை இல்லீல்ல?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

படகு போய்ச்சேர இருபது நிமிடம். பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழ வேண்டும், அதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். பத்தடி இறங்கியதும் காது வலித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் டப்பென்று திறந்துகொள்ளும். வலித்த பிறகு ஊதாமல், வலிக்கும் முன்னாலேயே ஊதிக்கொண்டே இறங்குங்கள். அதன்பிறகு நீலம். அடியில் பவளப்பாறைகள் காலிஃபிளவர் தோட்டம் மாதிரி பரந்து கிடந்தன. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று எனக்கு வழிவிட்டு, நான் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொண்டது. ஒரு கிளி மீன் பாறையைக் கொறிக்கும் சத்தம் கறுக் கறுக்கென்று கேட்டது. மீன் சாப்பிடும் சத்தம் கேட்கும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கிறார்களா? பிறகு ஒரு ஆமை வந்தது. சந்தோஷத்தில் நிஷாவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கி "சூப்பர்" என்று காட்டிவிட்டேன். தண்ணீருக்கடியில் அதற்கு "மேலே போகலாம்" என்று அர்த்தம். முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள், மறந்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, ஆமை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். கையை உதறி வேண்டாம் வேண்டாம் என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் படகில் உட்கார்ந்திருந்த மனிதரை ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை. எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

படகில் ஏறியதும் செந்தில் என் கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"குமிழியப் பாத்துட்டே இருந்தேன் அம்மணி. உன்னோடது எது, அந்தப் புள்ளையோடது எதுன்னே தெரியல. நடுவுல கொஞ்ச நேரம் காணோம். டிரைவர்கிட்ட கேட்டா அவுரு இந்தியில என்னமோ சொல்றாரு."

"இருவத்திரண்டு வருசமா நான் மேல நின்னு அதத்தானுங்க பாத்துட்டு இருக்கறேன்," என்றேன்.

அவர் கரை வரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான், "எனக்கு எப்படியாச்சும் சொல்லிக் குடு," என்றார். நிஷாவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

சொல்லிக் கொடுப்பது என் தொழில். முதல் நாள் ஸ்கூட்டரில் ஏறும் பெண்கள் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு விறைத்துவிட்டால் வண்டி வளைய மறுக்கும். "விறைக்காதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. அதனால் பின்னால் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன். காலையில் என்ன சமையல், பையன் எந்த வகுப்பு, பதில் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள் என்பேன். பேசுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. இவ்வளவுதான் என் வித்தை. அதை இவருக்கும் செய்தால் என்ன?

நிஷாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "ரெகுலேட்டரைக் கடிச்சுக்கிட்டே பேசலாம் அக்கா, உளறலாத்தான் கேக்கும். ட்ரை பண்ணுவோம். ஆனா எனக்கு நம்பிக்கை வந்தாதான்," என்றாள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு மறுபடி நெஞ்சளவுத் தண்ணீர். "உங்க கடையில இருக்கற குழாய் சைஸு பூராத்தையும் வரிசையா சொல்லுங்க. நிறுத்தக் கூடாது," என்றேன். அவர் முங்கினார். நானும் முங்கினேன். "அரை இஞ்ச்சு, முக்கால் இஞ்ச்சு, ஒரு இஞ்ச்சு, ஒண்ணே கால்" என்று கொழகொழவென்று கேட்டது. ஒவ்வொரு இஞ்சுக்கும் ஒரு கொத்துக் குமிழி. ஆறு இஞ்ச் வரை போய், கேட் வால்வுக்குத் தாவி, அங்கிருந்து பேரிங் நம்பர்களுக்குப் போனார். நிஷா சிரித்த சிரிப்பில் அவள் மாஸ்க்குக்குள்ளேயே தண்ணீர் போய்விட்டது. ஆனால் அனுமதியை உடனே கொடுத்துவிடவில்லை. மணலை உதைக்காமல் மெதுவாக எழுவதை மட்டும் மாலை ஐந்து வரை செய்ய வைத்தாள். கடைசியில், "நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. சார் பேச்சை நிறுத்துனா நான் உடனே மேல கொண்டு வந்துருவேன்," என்றாள்.

மறுநாள் அவரை நிஷா பிடித்துக்கொண்டாள், என்னை இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக்கொண்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பக்கத்திலேயே அந்த முணுமுணுப்பு, அரை இஞ்ச்சு, முக்கால் இஞ்ச்சு. இருபதடி. முப்பதடி. கோமாளி மீன்கள் ஆரஞ்சு நிறத்தில் எட்டிப் பார்த்து ஒளிந்துகொள்ளும் ஒரு பாறைக்கு வந்தோம். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முணுமுணுப்பு நின்றுவிட்டது.

சட்டென்று திரும்பினேன். நிஷாவும் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. ஒரு சாண் தூரத்தில் அந்தக் குட்டி மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரத்திலிருந்து குமிழி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. சீராக, அவசரமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. சைஸு சொல்ல மறந்துவிட்டார், மூச்சு விட மறக்கவில்லை. நிஷா என்னைப் பார்த்து விரலை வளைத்து ஓகே காட்டினாள். நான் மெல்ல நகர்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல்முறையாக அவரோடு சேர்ந்து தண்ணீருக்கடியில் இருந்தேன், யாருடைய தலை எப்போது தெரியும் என்று மேலே காத்துக்கொண்டு நிற்கவில்லை.

இனி உங்களுக்கான குறிப்புகள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் தெளிவாக இருக்கும். படகு டைவ் ஒருவருக்கு ஏழாயிரம் ஆனது, பயிற்சியும் படமும் அதிலேயே அடக்கம். மறுபடி செய்த பயிற்சிக்கு எங்களிடம் தனியாக வாங்கவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சளி இருந்தால் காது திறக்காது, டைவைத் தள்ளிப்போடுங்கள். டைவ் முடிந்து பதினெட்டு மணி நேரமாவது ஆகாமல் விமானம் ஏறக் கூடாது. அதனால் கடைசி நாளை வெறுமனே படுத்துக் கிடக்க ஒதுக்குங்கள், அந்தக் கூரையில்லாத குளியலறைக்கு அன்றுதான் பயன். போன் சிக்னலை நம்ப வேண்டாம், கையில் பணம் வைத்திருங்கள். கிணற்றிலும் வாய்க்காலிலும் முங்கிப் பழகியவர்கள் அதை இன்ஸ்ட்ரக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெருமைக்காக இல்லை, அவர் உங்களைக் கூடுதலாகக் கவனிப்பதற்காக. பயிற்சிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் வந்து மதியம் திரும்புகிற திட்டத்தில் போயிருந்தால் செந்திலுக்கு இரண்டாவது வாய்ப்பே கிடைத்திருக்காது.

கடைசியாக, ஜோடியாகப் போகிற பெண்களுக்கு ஒன்று. இருவரில் உங்களுக்கு மட்டும்தான் அனுமதி கிடைத்தது என்றால், போய்விடுங்கள். அவர் முகம் வாடத்தான் செய்யும். நீங்கள் போகாமல் இருந்து அதைச் சரிசெய்ய முடியாது. அன்று சாயங்காலம் நான் "சரிங்க" என்று சொல்லியிருந்தால் அவருக்காக ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பேன். அவரும் தண்ணீருக்குள் போயிருக்க மாட்டார்.